ஊசின்னா, பிஸ்டனை யார் அழுத்துறாங்க?

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட தொடங்கணும்.

சில வாரம் முன்னாடி, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைப் பத்திப் போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். "இந்த வைரஸ் ஒரு சிரிஞ்ச் மாதிரிங்க. பாக்டீரியா மேல உட்கார்ந்து, தன்னோட டிஎன்ஏவை உள்ளே ஊசி போட்டுடும்." பிளஸ் டூ புத்தகத்தில் படிச்சது, அப்படியே சொல்லிட்டுப் போயிட்டேன்.

அடுத்த நாள் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவங்க ஒரு அக்கா, பல வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். "தம்பி, நான் தினமும் ஊசி போடுறவ. ஊசின்னா பின்னாடி பிஸ்டனை ஒரு ஆள் அழுத்தணும். இந்த வைரஸ்ல யார் அழுத்துறாங்க?" அவ்வளவுதான். பதினஞ்சு செகண்ட் கூட இருக்காது.

என்கிட்ட பதில் இல்லை. வைரஸுக்குத் தசை கிடையாது. சாப்பிடாது, மூச்சு விடாது, தனக்குன்னு ஒரு துளி சக்தியைக் கூடத் தயாரிக்காது. ஒரு பாக்டீரியாவைத் தொடும் வரை அது வெறும் பொருள், மேஜை மேல கிடக்கிற பேனா மாதிரி. அப்போ அந்தத் தாக்குதலுக்கான பலம் எங்கிருந்து வருது?

தேட ஆரம்பிச்சேன். அந்த அக்கா கேட்ட கேள்விக்கு விஞ்ஞானிகள் பதில் கண்டுபிடிக்க அறுபது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல் சண்டையே வேற. இப்படி ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கா இல்லையா என்பதுதான் அது.

1915ல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வார்ட் என்பவர், தான் வளர்த்த பாக்டீரியாக் கூட்டம் சில இடங்களில் கண்ணாடி போலத் தெளிந்து செத்துப்போவதைக் கவனித்து எழுதினார். 1917ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டி ஹெரெல் அதே மாதிரி ஒன்றைச் சீதபேதிக் கிருமிகளிடம் பார்த்தார். பாக்டீரியாவே புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்த பிறகும், அந்தத் திரவம் பாக்டீரியாவைக் கொன்றது. பாக்டீரியாவைத் தின்னும் ஓர் உயிர் அதில் இருக்கிறது என்று சொல்லி, 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயரும் வைத்தார். நாம சுருக்கமா ஃபேஜ்னு சொல்லிக்கலாம்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு வாங்கிய பெல்ஜியம் விஞ்ஞானி ஜூல் போர்தே, இது உயிரும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை, பாக்டீரியா தானே சுரக்கும் ஒரு நொதி என்றார். இரண்டு தரப்பும் பல வருஷம் மோதிக்கொண்டது. காரணம் ரொம்ப எளிமை: யாருமே அதைக் கண்ணால் பார்க்கவில்லை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரிகிற அளவு அது இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே நானூறு ஃபேஜ்களை வரிசையாக நிறுத்தலாம்.

அதைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வர வேண்டியிருந்தது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்கா அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய தம்பி ஹெல்முட் ருஸ்கா ஒரு டாக்டர். அண்ணன் செய்த கருவியில் தம்பி 1940ல் ஃபேஜ்களைப் படம் பிடித்தார். பாக்டீரியாவைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அதே 1940ல், ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது சால்வடோர் லூரியா என்ற இத்தாலிய யூத விஞ்ஞானி அங்கிருந்து தப்பி ஓடினார். சைக்கிளிலும் கிடைத்த வண்டியிலுமாக மார்செய் துறைமுகம் வரை போய், அந்த செப்டம்பரில் நியூயார்க் சேர்ந்தார். அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனியின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்கிக்கொண்டிருந்த தாமஸ் ஆண்டர்சனைச் சந்தித்தார். 1942ல் இருவரும் வெளியிட்ட படங்கள் இன்னும் தெளிவு. புள்ளி இல்லை, தலைப்பிரட்டை! உருண்டைத் தலை, பின்னால் மெல்லிய வால். இவ்வளவு ஒழுங்கான உருவம் உள்ள ஒன்றை இனி யாரும் 'நொதி' என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் படங்கள் புதுசா ஒரு தலைவலியையும் கொடுத்தன. தலைப்பிரட்டைகள் எல்லாம் பாக்டீரியாவுக்கு வெளியேதான் ஒட்டிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் பாக்டீரியா வெடித்து, உள்ளிருந்து நூற்றுக்கணக்கில் புது ஃபேஜ்கள் வெளியே வரும். உள்ளே யாருமே போகலையே, அப்புறம் எப்படி இத்தனை குட்டி?

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எதையும் உயிரோடு காட்டாது. உள்ளே வெற்றிடம், ஈரம் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். அதுக்கு மேல எலக்ட்ரான் கற்றை வந்து விழும். நாம பார்க்கிறது சடலத்தின் போட்டோ. அதுவும் நசுங்கின சடலம். தண்ணீர் காய்ந்து விலகும்போது அதன் பரப்பு இழுவிசை, நுண்ணிய உருவங்களை அப்பளம் மாதிரி தட்டையாக்கிவிடும்.

ஆண்டர்சன் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். தண்ணீரைப் படிப்படியாக வெளியேற்றி, அந்த இடத்தில் திரவ கார்பன் டை ஆக்சைடை நிரப்பினார். பிறகு அழுத்தத்தோடு 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினார். அந்த நிலையில் திரவம், வாயு என்ற வித்தியாசமே மறைந்துவிடும். பரப்பு இல்லையென்றால் பரப்பு இழுவிசையும் இல்லை. நசுங்காத ஃபேஜ்கள் 1950களின் தொடக்கத்தில் படத்தில் வந்தன. அவை தலையால் முட்டிக்கொண்டிருக்கவில்லை, வால் நுனியை ஊன்றி நின்றன.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. ஃபேஜ்களைக் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து, திடீரென்று தண்ணீரில் போட்டால் தலைக்குள் இருந்த டிஎன்ஏ வெளியே கொட்டிவிடும். மிஞ்சுவது வெறும் கூடு. அதுக்கு அவங்க வைத்த பெயர் 'பேய்'. ரோஜர் ஹெரியட் இந்தப் பேய்களைச் சோதித்துப் பார்த்தார். காலியான கூடுகளும் போய் பாக்டீரியாவில் ஒட்டின, அதைக் கொல்லவும் செய்தன. ஆனால் குட்டி மட்டும் போடவில்லை.

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், 1950 அல்லது 51 கோடையில், ஸ்லைடு புரொஜெக்டரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்ததை ஆண்டர்சன் பின்னாளில் எழுதியிருக்கிறார். கூடு வெளியே நிற்க, டிஎன்ஏ மட்டும் உள்ளே போகுமோ? அப்போது அது அவர்களுக்குச் சிரிப்பை வரவழைத்த யோசனை. பரம்பரைச் செய்தி புரதத்தில்தான் இருக்கும் என்று பலரும் நம்பிய காலம் அது. 1951ல் ஹெரியட், ஆல்ஃபிரட் ஹெர்ஷேவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வைரஸ் ஒரு குட்டி ஊசி மாதிரி வேலை செய்யலாம் என்றார்.

ஆமாம், அந்த சிரிஞ்ச் உவமை பிறந்த இடம் இதுதான். நான் உங்களுக்கு விற்ற அதே சரக்கு!

அடுத்த வருஷம், 1952ல், ஹெர்ஷேயும் மார்த்தா சேஸும் செய்த சோதனையைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. ஃபேஜின் புரதத்துக்குக் கதிரியக்க கந்தகம், டிஎன்ஏவுக்குக் கதிரியக்க பாஸ்பரஸ் என்று தனித்தனியே அடையாளம் போட்டார்கள். பாக்டீரியாவைத் தாக்கவிட்டார்கள். பிறகு சமையலறையில் இருக்கிற மாதிரி ஒரு மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே ஒட்டியிருந்த கூடுகளை உதறிவிட்டார்கள். கந்தகத்தில் பெரும்பகுதி வெளியே, பாஸ்பரஸில் பெரும்பகுதி உள்ளே. உள்ளே போனது டிஎன்ஏ. 1969ல் ஹெர்ஷே, லூரியா, மேக்ஸ் டெல்புரூக் மூவருக்கும் நோபல் பரிசு. மிக்ஸியோடு நின்ற மார்த்தா சேஸின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

சோதனை, டிஎன்ஏ உள்ளே போகுதுன்னு காட்டியது. *எப்படிப்* போகுதுன்னு காட்டவில்லை. எல்லோர் மனசிலும் அந்த இடத்தை ஊசி உவமை நிரப்பிக்கொண்டது. பாடப்புத்தகம் அங்கேயே முடிஞ்சுடுது. நானும் அங்கேயே நின்னுட்டேன். அக்கா கேட்ட கேள்வி அங்கேதான் ஆரம்பிக்குது.

வாலுக்கு வருவோம்.

1955ல் ஜெனீவாவில் எட்வர்ட் கெல்லன்பெர்கரும் வெர்னர் ஆர்பரும் டி2, டி4 என்ற இரண்டு ஃபேஜ்களின் வாலைக் கவனமாகப் பிரித்துப் பார்த்தார்கள். வால் ஒரே குழாய் இல்லை. உள்ளே ஒரு மெல்லிய விறைப்பான குழாய், அதன் மேல் ஸ்வெட்டர் கை மாதிரி ஓர் உறை. முக்கியமான விஷயம், அந்த உறை சுருங்குகிறது.

நாலு வருஷம் கழித்து, கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹார்னும் புதிய முறையில் படம் எடுத்தார்கள். வைரஸுக்குச் சாயம் ஏற்றாமல், அதைச் சுற்றி டங்ஸ்டன் உப்பைப் பூசினார்கள். கோலப்பொடி கொட்டின தரையிலிருந்து கையை எடுத்தால் விரல்களின் வடிவம் அப்படியே நிற்குமே, அந்த மாதிரி. இருட்டான பின்னணியில் வைரஸ் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. டி4 ஃபேஜின் உடம்பு முழுசாக விரிந்தது: பட்டை தீட்டின வைரம் மாதிரித் தலை, வரிவரியாக வால், வாலின் அடியில் அறுகோணத் தட்டு, அதிலிருந்து மடங்கின முழங்காலோடு ஆறு நீண்ட கால்கள். நிலாவில் இறங்கின வண்டி ஒன்று ஞாபகம் வருதா? வண்டி இறங்கினது பத்து வருஷம் கழித்து.

ஒரே படத்தில் இரண்டு வகை வால்கள் இருந்தன. சிலவற்றில் உறை நீளமாக, ஒல்லியாக. சிலவற்றில் குட்டையாக, தடியாக, மேலே சுருண்டு ஏறியிருக்க, உள்குழாய் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாக்குவதற்கு முன், தாக்கிய பின்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடிச்ச சங்கதி இதுதான். யாருமே அந்த அசைவைப் பார்க்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கையில் தாலி இருக்கிற போட்டோ ஒண்ணு, பொண்ணு கழுத்தில் தாலி இருக்கிற போட்டோ ஒண்ணு. நடுவில் நடந்ததை நாம ஊகிக்கணும். 1967ல் லீ சைமனும், நம்ம பழைய ஆண்டர்சனும் தாக்குதலின் பல கட்டங்களில் இருந்த ஃபேஜ்களைப் படம் பிடித்து, வரிசையாக அடுக்கி அந்த ஆல்பத்தை முழுமையாக்கினார்கள். முதலில் நீண்ட கால்கள் பாக்டீரியாவின் மேற்பரப்பைத் தொடுகின்றன. பிறகு உடம்பு தாழ்ந்து இறங்குகிறது. அடித்தட்டு சுவரை நெருங்குகிறது. உறை சுருங்குகிறது. குழாய் குத்துகிறது. வட்டத்துக்குக் கிட்டத்தட்ட இருந்த அடித்தட்டு, நட்சத்திரமாக விரிந்துவிடுவதையும் சைமன் குழு சில வருஷத்தில் காட்டியது.

சரி, இப்போ அந்த உறை எதனால் சுருங்குது? தசையும் இல்லை, எரிபொருளும் இல்லையே?

இதுக்கு ஒவ்வொரு புரதமும் எங்கே இருக்குன்னு தெரியணும். அங்கேதான் ஜாக் டூபோஷே வருகிறார். கெல்லன்பெர்கரிடம் ஆராய்ச்சி செய்த மாணவர். 1980களில் தண்ணீரை மிக வேகமாக, பனிப் படிகம் உருவாகவே நேரம் கொடுக்காமல் உறைய வைத்து, கண்ணாடி போல மாற்றும் முறையை அவர் குழு உருவாக்கியது. காயவைக்க வேண்டாம், சாயம் வேண்டாம், நசுங்காது. வைரஸ் அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். 'கிரையோ' எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி என்ற அந்த முறைக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது. வாங்கிய மூவரில் டூபோஷே ஒருவர்.

அந்த முறையைக் கையில் எடுத்தது அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ராஸ்மன் குழு. ராஸ்மனும் அகதியாக வளர்ந்தவர். 1939ல், சின்னப் பையனாக நாஜி ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பியவர். 2004ல் அவர் குழுவில் பீட்டர் லைமனும் மற்றவர்களும் டி4 வாலின் 'முன்', 'பின்' இரண்டையும் முப்பரிமாணத்தில் ஒப்பிட்டு வெளியிட்டார்கள்.

எண்களைக் கேளுங்க. தாக்குவதற்கு முன் உறையின் நீளம் 92.5 நானோமீட்டர். தாக்கிய பின் 42. பாதிக்கும் கீழே! அகலம் 24லிருந்து 33 ஆகிறது. சுருங்கும்போது உள்குழாயை ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுத் திருகியபடியே கீழே இறக்குகிறது. சுவரில் ஸ்க்ரூ இறங்குற மாதிரி.

உறை ஒரே வகைப் புரதத்தால் ஆனது. மொத்தம் 138 பிரதிகள். ஆறு ஆறாக வளையம் போட்டு, 23 வளையங்கள் அடுக்கியிருக்கும். சுருங்கும்போது அந்தப் புரதம் ஒவ்வொன்றும் தன் உருவத்தில் பெரிதாக எதையும் மாற்றிக்கொள்வதில்லை. தன் இடத்திலிருந்து சரிந்து, பக்கத்து ஆளோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இப்படி நெருங்கி நிற்பதுதான் அவற்றுக்கு வசதியான நிலை. நீட்டி நிற்பது கஷ்டமான நிலை. பாக்டீரியாவுக்குள் அந்த வால் உருவானபோதே, புரதங்கள் உள்குழாயின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, நீட்டிய நிலையிலேயே பூட்டப்பட்டுவிட்டன. பூட்டின் பெயர் அடித்தட்டு. அது நட்சத்திரமாக விரிந்தால் பூட்டுத் திறக்கும். முதல் வளையம் சரியும், அது அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை.

எலிப்பொறி வெச்சிருக்கீங்களா? ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுறது நீங்க. எலி வந்து தட்டினதும் பொறி அடிக்கிறதுக்குத் தனியா சக்தி வேண்டாம். அது உங்க கை கொடுத்த சக்தி.

ஆக, பாதிப் பதில் வந்துடுச்சு. குழாயை இறக்குறது ஸ்பிரிங். ஆனா அக்கா கேட்டது பிஸ்டன். மருந்தை, அதாவது டிஎன்ஏவை, தள்ளுறது யார்? உறை சுருங்குறது டிஎன்ஏவைத் தள்ளவே தள்ளாது. அது வாசல் திறக்கிற வேலையை மட்டும்தான் செய்யுது.

டி4ன் டிஎன்ஏவை நேராக நீட்டினால் சுமார் 57 மைக்ரோமீட்டர். அது அடைபட்டிருக்கும் தலையின் நீளம் சுமார் 0.12. ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு நீளமான ஒரு நூலை உள்ளே திணித்திருக்கிறது. புது ஃபேஜ் உருவாகும்போது தலையின் வாசலில் ஒரு குட்டிப் புரத மோட்டார் உட்கார்ந்து, பாக்டீரியாவின் ஏடிபியை எரித்து, டிஎன்ஏவை இழுத்து இழுத்து உள்ளே அமுக்கும். 2001ல் கலிஃபோர்னியாவில் ஃபை29 என்ற வேறொரு ஃபேஜின் மோட்டாரை அளந்து பார்த்தார்கள். அந்தத் தலைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல பத்து மடங்கு ஏறும் என்று கணக்கு வந்தது. நம்ம வீட்டுப் பிரஷர் குக்கர் விசில் அடிப்பதே இரண்டு மடங்கு பக்கத்தில்தான். வாசல் திறந்ததும் அந்த அழுத்தம் டிஎன்ஏவை வெளியே தள்ளத் தொடங்கும்.

தொடங்கும்னுதான் சொல்றேன், முடிக்கும்னு சொல்லலை. ஏன்னா அதுக்கு மேல நடக்கிறதுதான் என்னை உலுக்கினது.

ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு, நடுவில் சுவர், உள்சவ்வு என்று மூன்று அடுக்கு உண்டு. டி4ன் குழாய் முனையில் சுவரைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது வெளிச்சவ்வைக் குத்திச் சுவரை அரிக்கும். 2015ல் டெக்சாஸில் ஜுன் லியூவின் குழு, குட்டி ஈ.கோலை செல்களைத் தாக்கும் டி4ஐ உறைய வைத்து, சிடி ஸ்கேன் மாதிரிப் பல கோணங்களில் படம் எடுத்தது. உள்சவ்வு அந்த இடத்தில், குழாய் முனையை நோக்கி வெளிப்பக்கமாகப் புடைத்து எழுந்திருந்தது. குத்துவாங்கப் போகிறவனே கையை நீட்டிக் கொடுத்த மாதிரி. அதுவும் போக, டிஎன்ஏ உள்ளே போக அந்தச் சவ்வின் இரு பக்கமும் மின்னழுத்த வித்தியாசம் இருந்தாக வேண்டும் என்பது 1970களின் கடைசியிலேயே தெரிந்திருந்தது. அதாவது செல் உயிரோடு, சக்தியோடு இருக்கணும்.

டி7 என்ற இன்னொரு ஃபேஜ் இதைவிட ஒரு படி மேலே. அதன் வால் குட்டையானது, சுருங்கும் உறை கிடையாது. 2013ல் இதே டெக்சாஸ் விஞ்ஞானிகள் அதைப் படம் பிடித்தார்கள். அதன் ஆறு கால்களும் பெரும்பாலும் தலையோடு மடங்கி ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டை மட்டும் நீட்டித் தொட்டு, விட்டு, தொட்டு, பாக்டீரியாவின் மேல் நடந்து இடம் தேடும். இடம் கிடைத்ததும் எல்லாக் கால்களையும் ஊன்றும். தலைக்குள் ஒளித்து வைத்திருந்த புரதங்களை வெளியே அனுப்பி, மூன்று அடுக்கையும் கடக்கும் குழாயை அங்கேயே கட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தக் குழாய் குலைந்துவிடும், சவ்வு மூடிக்கொள்ளும்.

டி7ன் டிஎன்ஏ சுமார் 40,000 எழுத்து நீளம். ஆரம்பத்தில் உள்ளே நுழைவது சுமார் 850 எழுத்துதான். அங்கேயே நின்றுவிடும். மீதியை இழுக்கத் தொடங்குவது யார் தெரியுமா? அந்த பாக்டீரியாவின் சொந்த நொதி! எந்த டிஎன்ஏ கண்ணில் பட்டாலும் அதைப் பிடித்து இழுத்துப் படித்து, ஆர்என்ஏவாகப் பிரதி எடுப்பது அந்த நொதியின் அன்றாட வேலை. அது தன் கடமையைச் செய்கிறது. செய்யச் செய்ய, தன்னைக் கொல்லப்போகிற நூலைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இயன் மோலினூவும் அவருடைய சகாக்களும் இதை 1990களிலேயே காட்டிவிட்டார்கள். பின்னால் 2013 படங்களிலும் மோலினூ பங்கு உண்டு.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிறதால என்ன லாபம்னு கேட்கலாம். ஒரே ஒரு காரணம் சொல்றேன்: இந்தப் பொறி ஒரு தடவைதான் அடிக்கும்.

சுருங்கின உறை மறுபடி நீளாது. வெளியேறின டிஎன்ஏ திரும்பாது. தப்பான இடத்தில் அடித்தால் அந்த ஃபேஜின் கதை அங்கேயே முடிஞ்சது. அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை. நீண்ட கால்களின் பிடி தளர்வானது, தொட்டுவிட்டு விலகலாம். ஒரு கால் பட்டால் போதாது, பல கால்கள் ஒத்துக்கொள்ளணும். அதற்கப்புறம்தான் அடித்தட்டிலிருந்து குட்டைக் கால்கள் இறங்கி, விடாப்பிடியாகப் பிடிக்கும். 1940களின் நடுவிலேயே ஆண்டர்சன் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். சில ஃபேஜ்கள் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சுற்றுப்புறத்தில் இல்லையென்றால் பாக்டீரியாவில் ஒட்டவே மாட்டேன் என்றன. பிற்பாடுதான் காரணம் தெரிந்தது. அது இல்லாதபோது அவை கால்களை மேலே மடக்கி வைத்துக்கொள்கின்றன. சூழ்நிலை சரியில்லையா, காலையே நீட்டாதே.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. தன் வெளிச்சவ்விலிருந்து குட்டிக் குட்டிக் கொப்புளங்களைக் கழற்றி விடும். ஃபேஜ் அதை பாக்டீரியா என்று நம்பி ஒட்டிக்கொள்ளும், வீணாகிவிடும். போலி இலக்கு. ஒட்டும் இடத்தின் உருவத்தையே மாற்றிக்கொள்ளும் பாக்டீரியாக்களும் உண்டு.

2019ல் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் செத்துப்போனதாக மதிப்பீடு. ஆன்டிபயாடிக் கைவிட்ட நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்க்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. ஒரு வகைக் கிருமியைத் தாக்குகிற ஃபேஜ் பக்கத்துக் கிருமியைத் தொடாது. எந்தப் பூட்டில் எந்தக் கால் ஒட்டும், எப்போது பொறி அடிக்கும் என்று தெரிவது அந்த வைத்தியத்துக்கு உதவும். இன்னொரு பக்கம், இதே சுருங்கும் வாலைத் தலையில்லாமல் ஆயுதமாக வைத்திருக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. 2023ல் அமெரிக்காவில் ஃபெங் ஜாங் குழு அப்படி ஒன்றின் காலை மட்டும் மாற்றி வடிவமைத்து, மனித செல்லுக்குள் புரதங்களை அனுப்பிக் காட்டியது. வருங்காலத்தில் மருந்து ஏற்றும் வழியாக அது மாறலாம்.

அந்த அக்காவுக்கு நான் திருப்பி அனுப்பின வாய்ஸ் நோட்டை இங்கே எழுத்தா கொடுத்துடறேன்.

"அக்கா, நீங்க கேட்டது சரி. அதுல பிஸ்டனே இல்ல. அழுத்துறதுக்கு அந்த வைரஸ்கிட்ட ஆளும் இல்ல. அழுத்தம் முன்னாடியே கொடுத்தாச்சு. கொடுத்தது, இதுக்கு முன்னாடி செத்துப்போன பாக்டீரியா. அதோட சாப்பாட்டுல, அதோட உழைப்புலதான் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினது, டிஎன்ஏவைத் தலைக்குள்ள அமுக்கினது எல்லாம். மிச்ச வேலையை இப்போ சாகப்போற பாக்டீரியா பார்த்துக்குது. கதவு திறந்தா போதும், அதுவே உள்ள இழுத்துக்கும். வைரஸ் தன் கையிலிருந்து ஒரு பைசா செலவு பண்றதில்ல."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அப்போ ஊசின்னு சொல்லாதீங்க தம்பி. ஊசி போடுறது நாங்க, கஷ்டப்பட்டுப் போடுறோம்."

இனிமே சொல்ல மாட்டேன்.